கண்ணா, குளமா?

"அவளக் கொல்லப் போறதில்லக்கா. ராணுவ ஆபீசருக முன்னாடி தலமுடியப் பிடிச்சு ஒரே ஒரு சுத்து. அம்புட்டுதான்."

கடையில் அரைக் கிலோ உளுந்து கேட்பவளைப் போல நிதானமாகச் சொன்னாள் தங்கப்பொண்ணு. அந்த நிதானம்தான் துப்பறியும் கனகாவைப் பயமுறுத்தியது. அழுதுகொண்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்கள். இப்படி வருகிறவர்கள்தான் சொன்னதைச் செய்வார்கள்.

காளவாசலில் ஒரு பரோட்டா கடைக்கு மேல்மாடியில் இருந்தது கனகாவின் அலுவலகம். போலீஸில் ஏட்டாக இருந்து, வேலையை உதறிவிட்டு, சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டியவள். வருவதெல்லாம் பெரும்பாலும் கல்யாண விசாரணைகள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் ஏதும் உண்டா. உதவியாளன் சோலை முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். அந்த ஆட்டோ இப்போது அலுவலக வாகனம். அவன் வாய் அலுவலக வானொலி. ரெண்டையும் நிறுத்துவது கஷ்டம்.

"ஒரு சுத்துன்னா இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா?" என்றான் சோலை.

"சோலை."

"குறிப்பு எடுக்கணும்லக்கா."

தங்கப்பொண்ணு அவன் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பேரு செல்வக்குமாரு. ஒத்தக்கடையில ஒரு டிசைன் கம்பெனில வேல. ராணுவத்துக்கு மேப்புல போடுற சின்னம் வரையிறாக. இந்த எடத்துல நம்ம படை, இந்த எடத்துல எதிரி, இங்க பாலம், இங்க ஆஸ்பத்திரின்னு கையடக்கமா ஒரு திரைல தெரியும்ல, அதுக்குள்ள வர்ற சின்னம். நாளைக்குக் காலைல ஆபீசருக வந்து பாத்து முடிவு சொல்லப் போறாக. எங்க அண்ணன்மாரு எழுமலைலருந்து வேன் எடுத்துட்டு வாராக."

"வேன் எதுக்கும்மா?"

"சொன்னேன்ல. அந்த அஸ்வினிக்கு."

போனில் ஒரு படம். தெரியாத எண்ணிலிருந்து வந்திருந்தது. இரண்டு பேர் வாட்சப்பில் பேசிக்கொண்டதை அப்படியே படம் பிடித்த மாதிரி இருந்தது. மேலே அஸ்வினி என்று பெயர். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு நீலச் செவ்வகம். ஒரு அம்புக்குறி. பிறகு சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் வளைந்த கோடு. கடைசியில் 4 என்ற எண். படத்துக்கு அடியில் ஒரு வரி: 'உங்க வீட்டுக்காரரும் அந்தப் பொண்ணும் பேசிக்கிற பாஷை. உங்களுக்குப் புரியும்.'

"உனக்குப் புரியுதா?" என்றாள் கனகா.

"புரியாமலா? நீலச் செவ்வகம்னா நம்ம ஆளு. சிவப்புல சாஞ்ச சதுரம்னா எதிரி. அவரு வரையிற ஒவ்வொண்ணையும் மொதல்ல என்கிட்டதான் காட்டுவாரு. சோத்துத் தட்டு முன்னாடி அட்டைய நீட்டி உடனே மடக்கிருவாரு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள என்னான்னு சொல்லணும். நான் ஒண்ணு தப்புனது கெடையாது." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பெருமையாக ஏறி, அப்படியே இறங்கியது. "அந்த அஸ்வினி வேலைக்குச் சேந்தா. அதோட நின்னு போச்சு. இப்ப எல்லாமே அவகிட்டதான். வீட்டுக்கு வந்தா சாப்பிட்டுட்டுப் படுக்குறாரு."

கனகா படத்தைப் பெரிதாக்கப் போனாள். தங்கப்பொண்ணு தடுத்தாள்.

"பெருசாக்காதீக. சின்னதாப் பாத்துதான் சொல்லணும். அதுதான் அவரு சொல்ற முறை. இந்த வட்டத்த நான் இதுக்கு முன்ன பாத்ததே இல்ல. எனக்குக் காட்டாத சின்னம்! அவகிட்டப் புதுச் சின்னத்துலயே பேசிக்கிறாரு. ஆனா பாத்ததும் தெரிஞ்சிருச்சு. கண்ணு. கண்ணுன்னா ஒசரத்துலருந்து பாக்குற எடம். முந்தி அதுக்கு முக்கோணம் போடுவாரு. இப்ப மாத்திட்டாரு போல. போன வாரம் இது வந்த அன்னைக்கு, கீழக்குயில்குடிக்குச் சோதனைக்குப் போறேன்னுதான் வீட்டுல சொல்லிட்டுப் போனாரு. நான் நாலு மணிக்குச் சமணர் மலை உச்சிக்கு ஏறிட்டேன்."

"அங்க யாரு இருந்தா?"

"ஒரு ஆடு."

சோலை வாயைத் திறந்தான். கனகா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"இன்னைக்குக் காலைல மறுபடியும் அதே படம் வந்திருக்கு. அதே எடம், அதே நேரம். இன்னைக்கும் கீழக்குயில்குடின்னுதான் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"சரி. நீ வீட்டுக்குப் போ. பொழுதுசாய நான் பதில் சொல்றேன். அதுவரைக்கும் வேன் எழுமலையிலயே நிக்கட்டும்."

அவள் படியிறங்கிப் போன பிறகு கனகா, தன் போனுக்கு அனுப்ப வைத்திருந்த அந்தப் படத்தைச் சோலையிடம் கையெட்டும் தூரத்தில் நீட்டினாள்.

"இது என்ன?"

"கண்ணு. சந்தேகமே இல்ல. மை தீட்டாத கண்ணு."

"எனக்குக் குளமாத் தெரியுது. வட்டம் கரை. உள்ள இருக்குற வளைவு தண்ணி."

சோலை போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனான். தள்ளிப் பிடித்தான். "அட ஆமா. கிட்டப் பாத்தா குளம். தள்ளிப் பாத்தா கண்ணு."

"கீழக்குயில்குடியில மலையும் இருக்கு. அடிவாரத்துல தாமரைக் குளமும் இருக்கு. நீ மேல போ. நான் கீழ நிக்கிறேன்."

"நீங்க கண்டுபிடிச்சது கீழ. நான் மட்டும் மேலயா?"

"நீதான கண்ணுன்னு சொன்ன?"

படம் அனுப்பிய எண்ணை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள் கனகா. அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

நாலு மணிக்கு அடிவாரத்தில் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்கு முன்னால் ஆலமரங்கள். அதைத் தாண்டிக் குளம். இலை தெரியாத அளவுக்குத் தாமரை. சோலை புலம்பிக்கொண்டே படியேறிப் போனான். கனகா செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி கும்பிட வந்தவள் போலக் கோயிலைச் சுற்றிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தாள்.

குளத்தங்கரையில் அவர்கள் இருந்தார்கள்.

ஆனால் இரண்டு பேர் மட்டும் இல்லை. சிமெண்டுத் திண்டில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் மீசை நரைத்த முன்னாள் ராணுவத்தார் சிலர். பூக்கட்டும் பெண் ஒருத்தி. ஒல்லியான ஒரு மனிதன் கையில் தடித்த திரை ஒன்றைப் பிடித்திருந்தான். அவன்தான் செல்வக்குமாராக இருக்க வேண்டும். பக்கத்தில் தோளோடு தோள் உரசுகிற மாதிரி நின்று, அவன் அடுத்த படத்தை எடுத்து வைக்கும்வரை துப்பட்டாவால் திரைக்கு நிழல் கட்டிக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

"அக்கா, ஒரு நிமிஷம் இருக்குமா?" அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "ஒண்ணும் விக்க வரல. நான் அஸ்வினி. இந்தத் திரையில ஒரு படம் வரும், உடனே போயிரும். என்னன்னு தோணுதோ அதச் சொன்னா போதும்."

கனகா உட்கார்ந்தாள். நிழல் விலகியது. வெயில் திரைமேல் நேராக விழுந்து நிறமெல்லாம் வெளுத்தது. அப்படியும் செவ்வகம் செவ்வகமாகவும், சாய்ந்த சதுரம் சாய்ந்த சதுரமாகவுமே தெரிந்தன. கட்டைச் சிலுவை வந்தது. ஆஸ்பத்திரி என்றாள். முக்கோணம் வந்தது. மலை என்றாள். அடுக்காக மூன்று அலைக்கோடு வந்தது.

"தண்ணி."

"சூப்பர்க்கா. எல்லாம் சரி."

"ஏம்மா, கலரே தெரியலயே, அது தப்பில்லயா?"

"அதுக்காகத்தான் வெயில்ல உக்கார வச்சிருக்கோம். கலரு போனாலும் வடிவம் ஆளக் காட்டிக்குடுக்கணும். எதிரின்னு நெனச்சு நம்ம ஆளச் சுட்டுறக் கூடாதுல்ல?"

கனகா தயங்குவது போல் நடித்தாள். "தண்ணிக்கு மூணு கோடு மட்டும் போட்டிருக்கீகளே. சுத்தி ஒரு வட்டம் போட்டா குளம்னு இன்னும் நல்லாத் தெரியாதா?"

அஸ்வினி சிரித்துவிட்டாள். "அப்படி ஒண்ணு இருந்துச்சுக்கா. காகிதத்துல பெருசாப் பாத்தா ரொம்ப அழகு. திரையில சின்னதாக்குனா பாதிப் பேரு கண்ணுன்னு சொல்லிட்டாங்க. தூக்கியாச்சு. இந்த மூணு அலை செல்வா சார் போட்டது."

"தூக்குனது யாரு போட்டது?"

"எனக்குத் தெரியாது. யாரு வரைஞ்சதுன்னு சோதனை எடுக்குறவளுக்குச் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சா மொகத்துக்காக மார்க்குப் போட்ருவேனாம். ஜெயிச்சது யாருதுன்னு மட்டும் கடைசில சொல்லுவாங்க."

கனகாவின் தலைக்குள் ஏதோ ஒன்று சரியாகப் போய் உட்கார்ந்தது. இந்த இருவரும் சின்னத்தில் பேசிக்கொண்டார்கள் என்றால் மூன்று அலை போட்டிருப்பார்கள். தூக்கிப் போட்ட சின்னத்தை எடுத்துக் காதல் செய்ய மாட்டார்கள்.

போன் அடித்தது. சோலை மூச்சு வாங்கினான்.

"அக்கா, மேல ஆடு இல்ல. தங்கப்பொண்ணு இருந்துச்சு. வீட்டுக்குப் போகச் சொன்னா யாரு போறா? இங்கருந்து பாத்தா குளம் அப்படியே தட்டுல வச்ச மாதிரி தெரியுது. அந்த ரெண்டு பேரு தோளும் தெரியுது. போன வாரம் உச்சியிலயே தேடிட்டு எறங்கிருச்சாம், இன்னைக்குக் கீழ பாத்திருச்சு."

"பிடிச்சு நிறுத்து!"

"ஏவுகணை கெளம்பிருச்சுக்கா. நான் பின்னாடி ஓடியாரேன். உசுரோட வந்தா பாப்போம்."

கனகா செருப்புக்குக்கூடக் காத்திருக்காமல் படிக்கட்டை நோக்கி ஓடினாள். தங்கப்பொண்ணு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தாள். முகம் வியர்வையில் மின்னியது. கனகா படியின் குறுக்கே கையை நீட்டி நின்றாள்.

"விடுங்கக்கா. எங்கண்ணால பாத்தேன். அவ தோளு அவரு தோள்ல பட்டுச்சு."

"வெயில்ல திரை தெரியணும்னா ரெண்டு பேரு சேந்து நின்னு நிழல் கட்டணும். சுத்தி ஊரே உக்காந்திருக்கு. அது ஒம் பார்வைல படல."

"எனக்கு ரெண்டு பேருதான் தெரிஞ்சாக."

"தெரியும். பொறாமைக்கு ரெண்டு பேருக்கு மேல எண்ணத் தெரியாது." கனகா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பழைய ஏட்டு இருந்தாள். "கேளு. ஒனக்கு வந்த சின்னம் இவங்ககிட்ட இல்ல. தேறாதுன்னு தூக்கிப் போட்டது. அதோட அது கண்ணும் இல்ல, குளம். யாரோ ஒன்ன இந்தக் குளத்துக்கு வரவச்சு, நீ இப்ப என்ன செய்யப் போறியோ அதச் செய்ய வைக்கப் பாக்குறான். நீ போய் அவ தலமுடியப் பிடிச்சா ஜெயிக்கிறது நீ இல்ல. அவன்."

தங்கப்பொண்ணின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எவன்?"

"அதப் பாக்கத்தான் இப்ப ஒத்தக்கடை போறோம். நீயும் வா. ஒன்ன இங்க விட்டுட்டுப் போனா எனக்கு நெஞ்சுவலி வந்துரும்."

ஆட்டோ பைபாஸைப் பிடித்து, பாலம் ஏறி, மாட்டுத்தாவணி நெரிசலில் தவழ்ந்தது. தங்கப்பொண்ணு வெளியே பார்த்தபடி வந்தாள். நடுவில் ஒரு தடவை தானாகவே பேசினாள்.

"அவரு வேற பொம்பளைகூடச் சுத்துறாருன்னு நான் மெய்யா நம்பலக்கா. சுத்துற ஆளு இல்ல அவரு. ஒரு சேல எடுக்கக்கூடத் தெரியாது. ஆனா அட்டைய அவகிட்டக் காட்டுறாருல்ல? அவ சொல்றதக் கேட்டு மாத்தி வரையிறாருல்ல? அது எனக்கு ஆகல. அவ என் எடத்துல உக்காந்திருக்கா."

சோலைக்கு அப்போது ஒரு நகைச்சுவை கையில் இருந்தது. எதனாலோ அதை அவன் சொல்லவில்லை. ஹாரனை மட்டும் அடித்தான்.

வேளாண் கல்லூரியைத் தாண்டி ஒரு புதுக் கட்டடத்தின் முதல் மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. ஏறும்போது கனகா சோலையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் அந்த வட்டத்தையும் வளைவையும் பெரிதாக வரையச் சொன்னாள். தங்கப்பொண்ணைக் கதவுக்கு வெளியே படியில் நிறுத்தினாள்.

"நான் கூப்பிடாம உள்ள வரக் கூடாது."

"எந்தத் தகிரியத்துல என்ன நம்பி வெளிய நிறுத்துறீக?" என்றாள் தங்கப்பொண்ணு. ஆனால் நின்றாள்.

உள்ளே மூன்று மேஜைகள். ஒன்று காலி. இன்னொன்றில் காளை என்ற சின்ன வயதுக்காரன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கணினியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவதில் நாற்பதைத் தாண்டிய ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை. சீவிய பென்சில்கள் ஒரே உயரத்தில் ஒரு டம்ளரில் நின்றன. மேஜைமேல் 'அழகுபாண்டி' என்று அழகான எழுத்தில் பெயர்க்கட்டை.

"மேலூர் ரோட்டுல புதுசா ஒரு காலேஜ் கட்டுறோம்" என்றாள் கனகா. "உள்ள வைக்கிற போர்டுக்கெல்லாம் சின்னம் வரையணும். செல்வக்குமார்னு ஒருத்தரப் பாக்கணும்."

"வெளிய போயிருக்காரு மேடம்" என்றான் காளை, பாட்டைக் கழற்றாமலே.

"பரவால்ல. அவரு வரைஞ்சது ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. அதப் பாத்துதான் வந்தேன்." தாளை விரித்துக் காட்டினாள். "எம்புட்டு அழகு பாருங்க. செல்வக்குமார் கைன்னா கைதான்."

காளை எட்டிப் பார்த்தான். "நல்லாருக்கு மேடம்" என்றுவிட்டுத் திரும்பக் கோடு இழுக்கப் போய்விட்டான்.

அழகுபாண்டியின் பென்சில் நின்றுவிட்டது.

"இத யாரு வரைஞ்சதுன்னு சொன்னீங்க?"

"செல்வக்குமார் சார்தான்."

"அவனா?" அவர் எழுந்தே விட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. "இது அவன் கைக்கு வருமா மேடம்? அந்த வளைவப் பாருங்க. கரையத் தொடாம, தொடுற மாதிரி போயி நிக்கும். அவன் போடுறது மூணு கோடு. மூணே மூணு கோடு! பள்ளிக்கூடத்துப் பிள்ள போடும் அத. இது நான் வரைஞ்சது."

"அப்படியா? நான் செல்வக்குமார்னு..."

"எதச் செஞ்சாலும் அவன் பேருதான். முதலாளி கேட்டாலும் செல்வா. ஆபீசரு வந்தாலும் செல்வா. இப்ப என் படத்தையும் அவன் பேருல சுத்த விட்டாச்சா?"

"கோவப்படாதீங்க. நல்ல சின்னம்தான். ஒரே ஒரு குறை." கனகா தாளை மடித்தாள். "ஒரு பொண்ணு இதப் பாத்துட்டு, கண்ணுன்னு சொல்லிருச்சு."

"கண்ணா?"

"ஆமா. கண்ணுன்னு நெனச்சு மலை உச்சிக்கே ஏறிப் போயிருச்சுன்னா பாத்துக்கங்களேன்."

அழகுபாண்டியின் முகம் சிவந்தது. பயத்தில் இல்லை. அவமானத்தில்.

"எந்தக் கூமுட்டை அது? சுத்திக் கரை, உள்ள அலை, குளம்! இதுல கண்ணு எங்கருந்து வருது? நாலு மணிக்குக் குளத்துக்குப் போன்னு இதவிடத் தெளிவா ஒரு மனுசன் எப்படித்தான்..."



நாலு மணி என்று கனகா சொல்லியிருக்கவில்லை. அது ஒருவரை வரச்சொல்லி அனுப்பிய செய்தி என்றும் சொல்லியிருக்கவில்லை. காளை காதிலிருந்து பாட்டைக் கழற்றினான்.

கதவு திறந்தது. கனகா கூப்பிடவே இல்லை.

"அந்தக் கூமுட்டை நான்தாண்ணே" என்றாள் தங்கப்பொண்ணு.

யாரும் சிரிக்கவில்லை. சோலைகூட. அழகுபாண்டி மெல்ல உட்காரப் போனார். நாற்காலி சுவரோரம் போயிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்கு வந்து கறிசோறு சாப்பிட்டுப் போனீகளேண்ணே" என்றாள் அவள். "அவரு அட்டையக் காட்டக் காட்ட நான் டக்டக்குன்னு சொன்னத, நீங்கதான உக்காந்து பாத்தீக? அத வச்சுத்தான எனக்குச் சின்னத்துல அனுப்புனீக?"

அவர் தலை அசைந்தது. ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"எழுத்துல அனுப்புனா இந்தப் பொண்ணு நம்பியிருக்காது" என்றாள் கனகா. "சின்னத்துல வந்தா எரியும்னு உங்களுக்குத் தெரியும். குளத்தங்கரையில எப்ப சோதனைன்னும் தெரியும். இது போய்ச் சண்ட போட்டா, நாளைக்கு ஆபீசருக முன்னாடி செல்வக்குமார் தலை நிமிர முடியாது. எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. செல்வக்குமாரோட மூணு அலையப் போட்டிருந்தா, இந்தப் பொண்ணு போன வாரமே நேரா குளத்துக்குப் போயிருக்கும். உங்க நெனப்பும் நடந்திருக்கும். ஏன் போடல?"

அழகுபாண்டி அந்த மடித்த தாளை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"கை வரல" என்றார்.

சோலை கனகாவின் காதோரம் குனிந்தான். "போரையே தோத்தாலும் சரி, அடுத்தவன் கொடியப் பிடிக்க மாட்டேன்ட்டாருக்கா."

"பதினாறு வருசமா வரையிறேன்" என்று அழகுபாண்டி தரையிடம் பேசினார். "அந்த வளைவுக்கு எத்தன நாளு உக்காந்தேன். எவனோ ஒருத்தன் திண்டுல உக்காந்துக்கிட்டு, ஒரு நொடி பாத்துட்டு, கண்ணுங்குறான். தூக்கிப் போட்டுட்டாங்க. அவன் மூணு கோடு இழுக்குறான், கை தட்டுறாங்க. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகல மேடம். பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன்."

"ஒரு நொடிதான் கெடைக்கும் அண்ணே" என்றாள் கனகா. அவள் குரலில் இப்போது கடுமை இல்லை. "பாக்குறவன் வெயில்ல ஓடிக்கிட்டே பாப்பான். உங்க வளைவ ரசிக்க அவனுக்கு ஏது நேரம்? மேட்டுல நின்னு எதிரியப் பாக்கலாம்னு நெனச்சு வாரவன் தண்ணிக்குள்ள போய் மாட்டிக்குவான். இந்தப் பொண்ணு தப்பாப் படிச்சதால ஒரு குடும்பம் பொழைச்சுது. அங்க தப்பாப் படிச்சா ஒருத்தனும் திரும்பி வர மாட்டான்."

காளை போன் செய்து முதலாளி நல்லகாமனை வரவழைத்தான். அவர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அழகுபாண்டி எதையும் மறுக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அணைத்து வைத்திருந்த சின்னப் போனைத் தானே எடுத்துக் கொடுத்தார். போலீஸுக்குப் போகலாமா என்று முதலாளி கேட்டதற்கு, தங்கப்பொண்ணு வேண்டாம் என்றாள்.

"எனக்கு அவரு மேல கோவம் இருக்கு. ஆனா அவரு பட்டது என்னன்னு எனக்குத் தெரியும். நானும் இன்னைக்கு ஒருத்தி தலமுடியப் பிடிக்கத்தான் மலை எறங்குனேன்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார் நல்லகாமன். அழகுபாண்டி பென்சில்களைக்கூட எடுக்காமல் படியிறங்கினார்.

அவர் கேட்டைத் தாண்டும்போது செல்வக்குமாரின் பைக் உள்ளே வந்தது. பின்னால் அஸ்வினி, மடியில் திரையைப் பத்திரமாக அணைத்தபடி. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணின் தாடை இறுகியது. உண்மை தெரிந்துவிட்டால் பொறாமை உடனே இடத்தைக் காலிசெய்துவிடும் என்பதெல்லாம் சும்மா.

நடந்ததைக் கனகா சொல்லி முடித்தபோது செல்வக்குமார் சுவரில் சாய்ந்து நின்றான். முதலில் அழகுபாண்டியின் காலி நாற்காலியைப் பார்த்தான். பிறகு மனைவியை.

"என்கிட்ட ஏன் காட்டுறத நிறுத்துனீக?" என்றாள் தங்கப்பொண்ணு. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"உனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சே."

"அதுக்கு?"

"எல்லாம் தெரிஞ்ச ஆள வச்சுச் சோதிச்சா எல்லாமே தேறும், தங்கம். நான் பாதி வரையும்போதே நீ என்னன்னு சொல்லிர்ற. நான் எப்படி யோசிப்பேன்னு உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியாத ஆளுங்க வேணும். அதான் திண்டுல உக்காந்தவுங்களப் பிடிச்சுக் கேக்குறேன்."

"இத என்கிட்டச் சொல்ல வாய் இல்லயா?"

ஒரு நொடியில் புரிகிற சின்னம் வரையத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு வரியை மூன்று மாதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அஸ்வினிதான் பேசினாள். அவளுக்கும் கோபம் இருந்தது, வேறு பக்கமாக.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? தினமும் இவரு என்கிட்ட என்ன சொல்வாரு தெரியுமா? எங்க வீட்டுல ஒரு நொடில சொல்லிருவா, உன் ஆளுங்க இம்புட்டு நேரம் எடுக்குறாங்களேன்னு. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நான் எம்புட்டு நல்லாச் சோதனை எடுத்தாலும் உங்க வேகத்துக்கு வரலன்னுதான் பேச்சு. உங்களப் பாக்காமலே எனக்கு உங்களக் கண்டா ஆகாது."

தங்கப்பொண்ணு அவளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம். தூசி படிந்த துப்பட்டா. காலையிலிருந்து சாப்பிடாத கண்கள்.

"வீடு எங்க உனக்கு?"

"ஊமச்சிகுளம்க்கா."

தங்கப்பொண்ணு கணவனிடம் கையை நீட்டினாள். அவன் புரியாமல் பைக் சாவியைக் கொடுத்தான்.

"வா, ஏறு. உன்ன வீட்டுல விட்டுட்டு நான் போறேன். வழில அண்ணன்மாருக்கும் ஒரு போனப் போடணும், வேன் வேண்டாம்னு. இவரு எப்படியோ வரட்டும்."

கீழே பைக் சீறிக் கிளம்பிப் போனது. பின்னால் உட்கார்ந்த அஸ்வினி பயத்தில் தங்கப்பொண்ணின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"சார், நம்ம ஆட்டோ இருக்கு" என்றான் சோலை. "இன்னைக்கு உங்களுக்கு மட்டும் மீட்டர் கெடையாது."

இருட்டும் நேரம். செல்வக்குமாரின் வீடு இருந்த நரசிங்கம் பக்கம் திரும்பி ஆட்டோ குலுங்கிக்கொண்டு போனது. செல்வக்குமார் முழங்காலில் கைவைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாவம், மனசு விட்டுப்போய் இருக்கிறான் என்று கனகா நினைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று திரும்பியபோது அவனே முந்திக்கொண்டான்.

"மேடம், அவ கண்ணுன்னா சொன்னா?"

"ஆமா."

"போன எவ்வளவு தூரத்துல வச்சுப் பாத்தாளாம்? வெயில்லயா, நிழல்லயா?"

சோலை கண்ணாடி வழியாகக் கனகாவைப் பார்த்தான். கனகா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அத என்கிட்டக் கேக்காதீங்க சார்" என்றாள். "வீட்டுக்குப் போனதும் மொதல்ல அவகிட்டயே கேளுங்க."